கழுவின மண்

எங்கள் லைனில் ஆடு வளர்த்தவர்கள் உண்டு, கோழி வளர்த்தவர்கள் உண்டு, முயல் வளர்த்து ஒரே மாதத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. புல் வளர்த்தது கிருஷ்ணம்மா ஒருத்திதான். ஆட்டுக்குப் போடவும் இல்லை, அழகுக்கும் இல்லை. புருஷன் மூச்சு விடுவதற்காக வளர்த்தாள்.

ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டினால் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள். அதில் கடைசி வீடு அவர்களுடையது. கடைசி வீடு என்பதால் முன்னால் கொஞ்சம் இடம் கூடுதல். மூங்கில் தட்டி கட்டி வளைத்திருந்தார்கள், உள்ளே நாலு கயிற்றுக் கட்டில் போடலாம். கடைசி வீடு என்பதால் காற்றும் முதலில் அவர்களுக்குத்தான். தட்டிக்கு அந்தாண்டை சீமைக்கருவேல முள், முள்ளைத் தாண்டினால் சைனைடு மேடு. மைன்ஸ் ஓடின காலத்தில் கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்தார்கள். மைன்ஸ் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மலையை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

மற்ற மாதங்களில் அது பாட்டுக்குக் கிடக்கும். ஆடி பிறந்தால் எழுந்து ஊருக்குள் வந்துவிடும். சோற்றில் வரும், தலையணையில் வரும், குழந்தையின் பால் பாட்டிலில்கூட வரும். நாங்கள் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். துணியை உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். கிருஷ்ணம்மாவின் புருஷன் சம்பங்கியால் அப்படி உதற முடியாது.

சம்பங்கி சுரங்க ஷாஃப்டில் இறங்கி டிரில் மிஷின் ஓட்டியவர். மீசை முளைத்ததும் ஆளைக் கீழே இறக்குகிற கேஜில் ஏறினவர், மைன்ஸ் மூடும்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். பாறைத் தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது என்று டாக்டர்கள் படம் எடுத்துக் காட்டினார்கள். உட்கார்ந்தது இனி எழுந்திருக்காது, புதிதாக எதுவும் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்த ஊரில் அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கிருஷ்ணம்மாவுக்கு வேலை ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனித் தோட்டத்தில். விடிவதற்கு முன்னால் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. எங்கள் ஊரில் பாதி சனத்துக்கு அதே பிழைப்புதான். தூங்குவதற்கு மட்டும் இந்த ஊர், மற்றதெல்லாம் பெங்களூரு. அந்தக் கம்பெனியில் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் ஏக்கர் கணக்கில் புல்வெளி. களை பிடுங்குவது, ஓரம் வெட்டுவது, வெட்டின புல்லை அள்ளுவது, மழைக்கு முன்னால் மணல் தூவுவது என்று பத்து வருஷமாக அவளுக்கு அதே வேலை. ஒரே மகன் ரூபேஷ் ஓசூரில் கல்யாணம் பண்ணிக்கொண்டு செட்டிலாகிவிட்டான். ஆக வீட்டில் சம்பங்கி ஒருத்தர்தான். காலையில் அவள் ஏறுகிற ரயிலின் சத்தம் அவருக்குக் கேட்கும். திரும்பி வருகிற ரயிலின் சத்தம் கேட்கும்வரை வேறு எதற்கும் அவர் காத்திருப்பதில்லை.

போன வருஷம் ஆடியில் அவருக்கு உதடு நீலமாகிவிட்டது. இரண்டு வாரம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயம். கிருஷ்ணம்மா லீவு போட்டு முதுகைத் தடவிக்கொண்டே கிடந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கம்பெனியிலும் இதே காற்றுதான் அடிக்கிறது, அங்கே ஏன் தூசி எழும்பவில்லை?

பக்கத்து வீட்டு மரியகுழந்தை சிரித்தாள். அவளை லைன் முழுக்க மரியக்கா என்றுதான் கூப்பிடும். வாய் பெரிசு, கை அதைவிடப் பெரிசு. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றாலும் முதல் தட்டு அவள் வீட்டிலிருந்துதான் போகும்.

"இன்னாடி கிஸ்ணம்மா, அம்மாம்பெரிய மேடு கீது. நீ வாசல்ல புல்லு போட்டா நின்னுடுமா?"

"மேட்டு மண்ணு காத்துல வருதுக்கா. வந்து நம்ம வாசல்ல குந்திகினு, மறுபடி எந்திரிச்சி உள்ள வருது. கீய புல்லு இருந்தா வந்தது வந்தபடி அதுக்குள்ள பூடும். எந்திரிக்காது. கம்பெனில தெனம் பாக்கறேனே."

"அங்க மேடு இல்லடி."

"மேட்ட நான் இன்னா பண்ண முடியும்? வாசல பண்ணலாம்."



ஆவணியில் கம்பெனியில் ஒரு பக்கத்துப் புல்லைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். சூப்பர்வைசர் மஞ்சுநாத், "சும்னே குப்பைக்குத்தானே போவுது, எடுத்துக்கோம்மா" என்றார். கிருஷ்ணம்மா சிமெண்டு சாக்கில் கட்டி லேடீஸ் பெட்டியில் ஏற்றினாள். தினம் கூட வருகிற பெண்கள் விடுவார்களா? ஆடு எப்ப வாங்கின, எத்தினி குட்டி போட்ச்சு என்று பங்காருபேட்டை வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அவளும் ரெண்டு குட்டி, ஒண்ணு உனக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலைக் கொத்தினாள். தகர டப்பா, உடைந்த பீங்கான், செருப்பு வார், துருப்பிடித்த ஆணி என்று மூன்று தலைமுறைக் குப்பை வெளியே வந்தது. மண்ணைக் கொத்தும்போது தூசி வரும் என்பதால் சம்பங்கியை மரியக்கா வீட்டில் உட்காரவைத்துவிட்டாள். எரு கலந்து, தண்ணீர் தெளித்து, மட்டம் பண்ணி, புல்லைச் சிறுசிறு துண்டாகப் பிய்த்து நாலு விரல் தள்ளித் தள்ளி ஊன்றினாள். சாயங்காலம் அவரைக் கூட்டி வந்து காட்டினாள்.

"இதான் புல்லாமே?" என்றார் அவர். சேற்றில் அங்கங்கே ஒரு பச்சைத் துணுக்கு. அவ்வளவுதான் இருந்தது.

"புடிக்கணும். காலீல ஒரு தபா, சாய்ந்தரம் ஒரு தபா தண்ணி தெளிங்க. குவளைல ஊத்தக் கூடாது, கைல தெளிக்கணும்."

"ஃபர்ஸ்ட் ஷிப்டு, செகண்ட் ஷிப்டு. நைட் ஷிப்டு கெடையாதா?"

"நைட் ஷிப்டு நான் பாத்துக்கறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். ஆனால் அப்படித்தான் ஆனது. ரயிலை விட்டு இறங்கி வந்ததும் செல்போன் வெளிச்சத்தில் முதலில் புல்லைத்தான் பார்ப்பாள். அப்புறம்தான் வீட்டுக்குள் வருவாள்.

ஐப்பசி மழையில் புல் கையைக் கோத்துக்கொண்டது. கூடவே கோரையும் வந்தது. கோரையைக் கிழங்கோடு எடுக்கவில்லை என்றால் ஒன்று போன இடத்தில் நாலு வரும். வாரத்தில் ஆறு நாள் சம்பளத்துக்குக் கோரை பிடுங்குகிறவள் ஏழாம் நாள் வாசலில் உட்கார்ந்து கோரை பிடுங்கினாள். கார்த்திகையில் மழைத் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கி அங்கே புல் அழுகியது. அதைத் தோண்டி எடுத்து ஒட்டுப் போட்டாள். மார்கழிக் குளிரில் புல் முழுக்க மஞ்சளாகிவிட்டது. சம்பங்கி பயந்துவிட்டார். தான்தான் தண்ணீரைக் கூடக்குறைய தெளித்துவிட்டோமோ என்று அன்று சாயங்காலம்வரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குளிருக்குத் தூங்குது. நீங்க மட்டும் போத்திகினு தூங்கறீங்க, அது தூங்கக் கூடாதா?" என்றாள் அவள் வந்ததும்.

அவரைக்காய்க் காலம் அது. பகல் முழுக்க அவர் வராந்தாவில் உட்கார்ந்து அவரைக்கொட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தோலைப் பிதுக்குவார். அவசரமில்லாத வேலை, மூச்சு வாங்காத வேலை. ராத்திரி அவள் வந்து பிதுக்குப் பருப்புக் குழம்பு கொதிக்கவைத்து ராகிக் களி கிண்டுவாள். சாப்பிடும்போது புல்லைப் பற்றிப் பேசுவாள். தையில் உரம் வைக்க வேண்டும், மாசியில் தண்ணீருக்கு என்ன பண்ணுவது, கம்பெனியில் மிஷின் வைத்து வெட்டுகிறார்கள், நமக்குக் கத்தரி போதும் என்று அவள் பேசப் பேச அவர் களியை உருட்டிக்கொண்டே கேட்பார். அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. நாள் முழுக்க அவரிடம் பேசினது மேலே போன காக்கைதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவள் வீட்டில் இருக்கிற பகல். அந்தப் பகலில் அவள் முகம் தரையில் இருக்கும், முதுகு அவர் பக்கம் இருக்கும். அவர் வராந்தாவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த முதுகோடு பேசுவார்.

"நம்ம டென்னிசு பூட்டானாமே. நேத்து மாதாகோயில் மணி அடிச்சிது."

"எந்த டென்னிசு?"

"எங்கூட மிஷின் ஓட்னவன். ஆண்டர்சன்பேட்ட டென்னிசு. சொரங்கத்துல ஒரே லெவல்ல பன்னெண்டு வருஷம்."

"அய்யோ பாவம். இன்னா, மூச்சா?"

"அப்பால வேற இன்னா."

"உம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மக்குல கொஞ்சம் தண்ணி மொண்டு இந்த ஓரத்துல ஊத்துங்க" என்றாள்.

அவர் மொண்டு ஊற்றினார். டென்னிசைப் பற்றி இன்னும் சொல்வதற்கு இருந்தது. சொல்லவில்லை. அவள் கேட்காதது கல்நெஞ்சத்தால் இல்லை. டென்னிஸ் போன வழியில் இவரும் போய்விடக் கூடாது என்றுதான் அவள் குனிந்த தலை நிமிராமல் உழைத்துக்கொண்டிருந்தாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தாலும் முதுகு முதுகுதானே.

மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் தண்ணீர்ப் பாடு. குழாயில் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. டேங்கர் வந்தால் டிரம்மில் பிடித்து வைப்பார்கள். அவர் குளித்த தண்ணீர் புல்லுக்கு, அரிசி கழுவின தண்ணீர் புல்லுக்கு. சோப்புப் போட்டால் புல் கெட்டுவிடும் என்று அவரைப் பயத்தமாவு போட்டுக் குளிக்கச் சொன்னாள். மாப்பிள்ளை மாதிரி கீறீங்க என்று மரியக்கா கிண்டல் பண்ணினாள். வைகாசியில் நாலு நல்ல மழை விழுந்தது. புல் எழுந்தது. தட்டியைத் திறந்து உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க ஆரம்பித்தார்கள். கிருஷ்ணம்மா யாரையும் கழற்றச் சொல்லவில்லை. அவர்களாகவே கழற்றினார்கள்.

ஒரே ஒரு குறை. கத்தரியால் ஒட்ட வெட்டினபோது தரை மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. பள்ளத்தில் புல் பிடிக்கவில்லை, மண் தெரிந்தது.

"மழ புடிக்கறதுக்குள்ள மேல மணல் போடணும். நைஸா சலிச்சி, புல்லு மூழ்காம தூவி, வெளக்கமாத்தால தள்ளி வுட்டா பள்ளத்துல போயி குந்திக்கும். புல்லு அதுமேல ஏறிக்கும். அப்பால ஒரு ஓட்ட இருக்காது. ஆடி வந்தா வரட்டும்."

"மணலுக்கு எங்க போவ?"

"மஞ்சுநாத் சார் எட்த்துக்கோன்னாரு. தெனம் ஒரு பை கொண்டாந்தா ஆவும். இன்னும் நாலு ஞாயித்துக்கிழம வேல கீது."

தினம் ஒரு பை கொண்டுவந்தாள். ஆற்று மணல் கனம் கொஞ்சமா? ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது. பை வார் பட்டுத் தோள் கன்றிப் போனது. அவர் ராத்திரி தைலம் தடவிவிட்டார். தடவிக்கொண்டே, "நாலு ஞாயித்துக்கிழமயா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்வதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை பெங்களூரில் பந்த். நடக்கும், நடக்காது என்று இரண்டு விதமாகவும் பேச்சு இருந்ததால் கிருஷ்ணம்மா வழக்கம்போல ரயில் ஏறிவிட்டாள். பங்காருபேட்டை தாண்டுவதற்குள் மஞ்சுநாத்திடமிருந்து போன். கேட்டைப் பூட்டியாச்சு, யாரும் வர வேண்டாம். இறங்கிவிட்டாள். திரும்புகிற வண்டிக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. மேடையில் உட்கார்ந்து டப்பாச் சோற்றைத் திறந்தவள், அவரோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று மறுபடி மூடி வைத்தாள். வாரநாளில் பகலில் வீட்டுக்குப் போய் எத்தனை காலம் ஆயிற்று என்று நினைக்கவே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

உச்சிப் பொழுதுக்குத் தட்டியைத் திறந்தாள்.

வாசலில் பச்சை இல்லை. முழுக்க வெள்ளை. நடுவில் சம்பங்கி குந்தியிருந்தார். கையில் அவளுடைய ராகி மாவுச் சல்லடை. மூக்கில் கட்டியிருக்க வேண்டிய துண்டு வேர்வைக்குக் கழுத்தில் இறங்கிக் கிடந்தது. தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. அவளைப் பார்த்ததும் சிரித்தார். அந்த வெள்ளையில் வாய் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"இன்னாமே சீக்கிரமே வந்துட்ட? நீ வர்றதுக்குள்ள முட்ச்சிடலாம்னு பாத்தேன்."

"இன்னா இது?"

"மணலு. நீ இன்னாத்துக்கு அங்கேந்து தூக்கினு வரணும்? நம்மூர்ல இல்லாத மணலா?"

"எங்க எட்த்த?" அவளுக்குக் கோபம் வந்தால் மரியாதைக்குப் போடுகிற 'ங்க' போய்விடும்.

"தட்டிக்கு அந்தாண்டதான். ஒரு வாரமா கொஞ்சம் கொஞ்சமா கொண்டாந்து பின்னால சேத்து வெச்சேன். உன்னோட மணல விட நைஸா கீது பாரு. மாவு மாதிரி."

"யோவ்! மேட்டு மண்ணயா? மேட்டு மண்ணயா கொண்டாந்து சலிச்ச?"

"கத்தாதமே. அது மண்ணு இல்ல, கழுவின மண்ணு. மில்லுல அரச்சி, மருந்துல ஊறப்போட்டு, கழுவி வெளிய தள்ளினது. எனக்கு நெஞ்சுல கீறது உள்ள கீற பச்சக் கல்லு தூசி. அது வேற, இது வேற. மைன்ஸ்ல இருந்தவனுக்குத் தெரியாதா? புல்லுக்குள்ள பூட்டா எந்திரிக்காதுன்னு நீதான சொன்ன?"

வெளியூர்க்காரன் யாரும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். அவன் மேட்டைப் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வான். எங்கள் ஆண்களுக்கு அந்தப் பயம் கிடையாது. அவர்களுக்குத் தெரிந்த சாவெல்லாம் கீழே இருந்தது. பாறை வெடித்ததும், கேஜ் அறுந்ததும், தூசி குடித்ததும் கீழே. மேலே வந்து குளித்துவிட்டால் அன்றைக்குப் பிழைத்தாயிற்று. மேலே கிடந்த மேட்டில்தான் சின்ன வயதில் சறுக்கி விளையாடினார்கள், கிரிக்கெட் ஆடினார்கள். கீழேயிருந்து உயிரோடு ஏறி வந்த மனுஷன் மேலே கிடக்கிற குவியலைக் கண்டா பயப்படுவான்?

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. இருமுகிற வேகத்தில் உடம்பிலிருந்து புகை மாதிரி மண் பறந்தது, அதையே மறுபடி இழுத்தார். கிருஷ்ணம்மா அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனாள். துணியைக் கழற்றி, ஈரத் துண்டால் துடைத்து, கட்டிலில் சாய்த்து உட்காரவைத்தாள். மரியக்கா ஓடி வந்தாள், பார்த்தாள், ஆட்டோ பிடிக்க ஓடினாள். பந்த் நாளில் ஆட்டோ லேசில் கிடைக்கவில்லை.

காற்று எழும்ப ஆரம்பித்தது. கிருஷ்ணம்மா வாசலில் வந்து நின்றாள். பெருக்கினால் அவ்வளவும் பறந்து வீட்டுக்குள் போகும். விட்டுவிட்டால் காற்று அந்த வேலையைச் செய்யும். தண்ணீர் ஊற்றினால் அடங்கும், ஆனால் இந்த மண் தண்ணீர் பட்டால் சிமெண்டு மாதிரி இறுகும், கீழே ஒரு வேரும் மூச்சு விடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். டிரம்மில் மூன்று நாளைக்கு வைத்திருந்த தண்ணீர் இருந்தது. குடத்தை எடுத்தாள். கையால் தெளித்து வளர்த்த புல்லின்மேல் குடம் குடமாக ஊற்றினாள். டிரம் காலியாகும்வரை ஊற்றினாள். ஒரு வருஷத்துப் பாட்டைத் தன் கையாலேயே கொன்றாள். உள்ளே அவர் இருமிக்கொண்டே இருந்தார்.

ஈரக் கையோடு உள்ளே போனாள்.

"இன்னாத்துக்குயா இந்த வேல பண்ண? நான் கேட்டனா? மணல் இல்லன்னு உன்னாண்ட வந்து அழுதனா?"

அவர் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

"நாலு ஞாயித்துக்கிழம... வேல கீதுன்னு சொன்ன... வாரத்துல அந்த ஒரு நாளுதான் நீ வூட்ல கீற... அதுவும் புல்லுக்கே பூடுது... நானே போட்டு முட்ச்சிட்டா... ஒரு ஞாயித்துக்கிழம எங்கூட குந்தினு இருப்பன்னு நென்ச்சேன்..."

இத்தனை மாதம் எந்த நெஞ்சை அடைக்காமல் காப்பாற்றினாளோ அந்த நெஞ்சில் இது இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்தாள். ஆட்டோ வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஓசூரிலிருந்து ரூபேஷ் ஓடி வந்தான். இந்த ஊருக்கு மறுபடி கூட்டிப் போனால் அடுத்த தடவை எங்களிடம் கொண்டுவர வேண்டியிருக்காது என்று டாக்டர் அவனிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

"நைனாவ நான் ஓசூருக்கு இட்டுனு போறேன். தேர்டு ஃப்ளோரு, தூசியே வராது" என்றான் ரூபேஷ். "நீயும் வாம்மா."

"நான் எப்டிடா வர்றது? வேல வுட்டா மருந்து வாங்க இன்னா பண்ணுவ? வூட்ட பூட்டிட்டு வந்தா ஒரு வாரத்துல தகரம் இருக்காது. உன் வூட்ல ஒரு ரூமு. நான் எங்க படுப்பேன்?"

மூன்றும் உண்மை. அவன் நல்ல பிள்ளைதான், தலையைக் குனிந்துகொண்டான். ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே அவரை வண்டியில் ஏற்றினார்கள். வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவர் கேட்டார். ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. யாரும் வண்டியை அந்தப் பக்கம் திருப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணம்மா ஓசூருக்குப் போனாள். மருமகள் சுனிதா கதவைத் திறந்து, செருப்பை எங்கே விடுவது என்று காட்டி, சோபாவில் உட்காரவைத்து, சாசரில் கப் வைத்துக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிரே சம்பங்கி இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். முகம் தெளிந்திருந்தது. உதட்டில் நிறம் வந்திருந்தது. சன்னல் கண்ணாடியெல்லாம் சாத்தியிருந்தது.

அவர் கேட்ட ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிட்டது. அவளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. முகம் அவர் பக்கம்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"மூச்சு எப்டி கீதுங்க?"

"நல்லா கீது. நடந்தாதான் கொஞ்சம் வாங்குது."

"சாப்பாடு?"

"சப்பாத்தி. நல்லாத்தான் செய்யுது பொண்ணு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பகல்ல ரெண்டு பேரும் வேலக்கிப் பூட்றாங்க. கதவ வெளிய பூட்டினு போறாங்க. இங்க ரயில் சத்தமே கேக்கறதில்லமே. நீ வந்துட்டியா வர்லயான்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது."

அவள் கப்பைக் கீழே வைத்தாள்.

"புல்லு?" என்று கேட்டார்.

"காஞ்சிடுச்சிங்க."

"பூராவுமா?"

"பூராவும்."

"நான்தான..."

"வுடுங்க அத. நீங்க நல்லா இருந்தா போதும்."

மத்தியானச் சாப்பாடு ஆனது. டிவி ஓடியது. மாலூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் எழுந்தபோது அவரும் எழுந்து தன் செருப்பைத் தேடினார்.

"எங்க?" என்றாள்.

"நானும் வரேன். இட்டுனு போ."

"ஆடி கீதுங்க."

"ஆடி முட்ச்சி?"

டாக்டர் சொன்னது ஆடிக்கு மட்டும் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். "பாக்கலாம்" என்றாள். அவர் ஒரு கால் செருப்பைப் போட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைக் கழற்றி ஓரமாக, சுனிதா சொல்லிவைத்திருந்த இடத்தில் வைத்தார். "ஞாயித்துக்கிழம வருவல்ல?" என்றார். "வராம எங்க போவேன்" என்றாள்.

பஸ்ஸில் அழுதாள். மாலூர் வரைக்கும் அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி கன்னடத்தில் ஏதோ கேட்டு, பதில் வராததால் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். மாலூரில் ரயில் ஏறினபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெரிந்த முகங்கள் இருக்கும்.

ஊரிகத்தில் இறங்கும்போது காற்று சுழன்று கொண்டிருந்தது. மேடு பாதி வானத்தில் இருந்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து தட்டியைத் திறந்தாள். வாசல் முழுக்க வெள்ளையாக ஏடு கட்டி வெடித்துக் கிடந்தது. அதன் மேலேயே நடந்து போய்ப் பூட்டைத் திறந்தாள். கதவு இரண்டையும் விரியத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். விளக்குப் போடவில்லை. காற்று அவளோடேயே உள்ளே வந்தது.

மரியக்கா முக்காட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டியா? எப்டி கீறாரு?"

"நல்லா கீறாருக்கா. நல்லா மூச்சு வுட்றாரு."

"அப்பாடா, மாதாவே. அது போதும்டி. எந்திரிச்சி கதவ சாத்து கிஸ்ணம்மா, எப்டி அடிக்குது பாரு. மண்ணு பூரா உள்ள வருது."

"வரட்டும்க்கா. இருமறதுக்கு உள்ள யாரு கீறாங்க?"